சரோஜினி டீச்சர் வீட்டுக் கம்பளம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இறங்கி சரோஜினி டீச்சர் வீடு எது என்று கேட்டால் கடைக்காரர், ரிக்‌ஷாக்காரர் யாரும் யோசிக்க மாட்டார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சர். அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் பொத்தான் தைக்கவும், கூழ்வடகம் பிழியவும், துணியில் பட்ட கறையை எடுக்கவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

கறைப் பாடம் என்றால் அவளுக்குத் தனி உற்சாகம். டீக்கறை, மஞ்சள் கறை, துருக்கறை, மைக்கறை என்று வெள்ளைத் துண்டுத் துணிகளில் தானே கறை பண்ணிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். "தேய்க்காதே, ஒத்தி எடு" என்பாள். "ஓரத்துலேருந்து நடுவுக்கு வா. நடுவுலேருந்து ஓரத்துக்குப் போனா கறையும் உன் பின்னாலேயே வரும்." பெண்கள் அவளைப்போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளுக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டாள்.

அவள் கணவர் வேதசிரோமணி ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பும் மனிதர். அதிகம் பேச மாட்டார். அவருக்கென்று இருந்த ஒரே பெருமை கையெழுத்து. ஞானஸ்நானச் சான்றிதழ், ஞாயிறு பள்ளிப் பரிசுச் சான்றிதழ் என்று சபையில் யாருக்கு எது கொடுப்பதானாலும் பெயர் எழுதுவது அவர்தான். தடித்த நிப் போட்ட பேனாவில், கருநீல மையில், அச்சு எழுத்துக்கும் அவர் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுவார். பல வீடுகளில் அந்தச் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

அந்த வீட்டில் விலை உயர்ந்த பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது கூடத்துக் கார்ப்பெட்தான். சரோஜினியின் தம்பி சுந்தர்சிங் விமானப் படையில் இருந்தான். ஸ்ரீநகரில் வேலை பார்த்தபோது அக்கா வீடு கட்டிக் குடிபோனதற்காகத் தோளில் சுமந்து கொண்டுவந்த கம்பளம் அது. மரூன் நிறம், நடுவில் பெரிய வெண்பூ. பழைய போர்வையில் சுருட்டி, பாச்சை உருண்டை போட்டு, பீரோ மேல் வைத்திருப்பாள். கிறிஸ்துமசுக்கும் பாஸ்டர் வீட்டுக்கு வரும்போதும் மட்டும் கீழே இறங்கும்.

எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை காலையும் அது இறங்கியது. அன்று மாலை மகள் ஹெப்சிபாவைப் பெண் பார்க்க சிட்லபாக்கத்திலிருந்து வருகிறார்கள். பையன் பெயர் வில்பிரட், கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கிறிஸ்துமஸ் பஜனையில் ஹெப்சியும் அவனும் ஒரே பாட்டுக் குழுவில் இருந்தவர்கள். பிடித்திருக்கிறதா என்று யாரும் ஹெப்சியைக் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட புடவைக்கே மறுபடியும் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா புரிந்துகொண்டாள்.

சரோஜினி அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஏதோ உருளும் சத்தம். பிறகு, "சரோ" என்று ஒரு குரல். கூப்பிட்டது போலவும் இல்லை, சொன்னது போலவும் இல்லை.

கரண்டியோடு வந்து பார்த்தாள். வேதசிரோமணி பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார். மடியில் அட்டை, அதன்மேல் பரிசுச் சான்றிதழ்கள். காலடியில் மைப் புட்டி கவிழ்ந்து கிடந்தது. கார்ப்பெட்டின் வெண்பூவில் சரியாக நடுவில் கருநீலம் குளமாக நின்று, மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குத்தானா?" என்றாள். "உள்ளே மேஜைன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கே, அது எதுக்கு? அங்கே உக்காந்து எழுதினா ஆகாதா?"

"இங்கே வெளிச்சம் நல்லா..."

"வெளிச்சமாம்! நாலு பேர் வர்ற அன்னிக்குத்தான் எழுத்துப் பொத்துக்கிட்டு வருது. கையிலே எலும்பு இருக்கா, இல்லையா உங்களுக்கு?"

அவர் வலது கையை இடது கக்கத்துக்குள் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஹெப்சி! ப்ளாட்டிங் பேப்பர் இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கிட்டு வா. அப்பாவோட பழைய வேட்டி ஒண்ணு. பவுடர் டப்பா."

முதலில் தாளை வைத்து அழுத்தினாள். நீலம் ஊறி மேலே வந்தது. அடுத்த தாள், அடுத்த தாள். ஈரம் அடங்கியதும் முகப் பவுடரைக் கொட்டி, மீதியை அது குடிக்கட்டும் என்று விட்டாள். சுரண்டி எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினாள். பிறகு பால். பிறகு எலுமிச்சம்பழமும் உப்பும். தாயும் மகளும் முட்டி போட்டு, மாறி மாறி, பேச்சில்லாமல் வேலை செய்தார்கள். கருநீலம் நீலமாகி, நீலம் வெளிறி, மத்தியானத்துக்குள் சொட்டு நீலம் அதிகமாகப் போட்ட துணி மாதிரி ஒரு சாயல் மட்டும் பூவில் மிஞ்சியது.

"போதும்" என்றாள் சரோஜினி. "இதுக்கு மேலே கை வெச்சா கம்பளியோட சாயம் போயிடும். காயட்டும். டீப்பாயை மேலே போட்டுடலாம்."

அவள் குளிக்கப் போனாள். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மூக்கில் ஏறியது ப்ளீச்சிங் பவுடர் நெடி. கிணற்றில் போடுவதற்காக வாங்கி வைத்திருந்தது. கூடத்தில் வேதசிரோமணி வாளியும் பிரஷ்ஷுமாக மண்டியிட்டு, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலம் போயிருந்தது. அதோடு பூவைச் சுற்றியிருந்த மரூனும் போயிருந்தது. பழுப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு; கம்பளி கருகிய புல் மாதிரி விறைத்துக் கிடந்தது.

அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். "முழுசாப் போயிடும்னு நெனச்சேன் சரோ" என்றார்.

இந்தத் தடவை அவள் திட்டவில்லை. அறைக்குப் போய்த் தலை வாரத் தொடங்கினாள். விருந்தாளிகள் வந்து போகும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வில்பிரட்டின் அப்பா ஜெபராஜ் கலகலப்பான மனிதர். வந்த உடனே கூடம் நிறைந்துவிட்டது. அவர் மனைவி ரத்தினபாய் தடித்த கண்ணாடி போட்ட, அமைதியான பெண்மணி. வில்பிரட் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆரம்பத்தில் ஒரு கீர்த்தனை பாடலாம் என்றபோது வேதசிரோமணி பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஃபேன் காற்று என்று சரோஜினி நினைத்தாள். காபியை அவர் இடது கையில் வாங்கினார். "அண்ணன் இடது கைக்காரரோ?" என்று ஜெபராஜ் சிரித்தார். வேதசிரோமணியும் சிரித்து வைத்தார். ரத்தினபாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் அடிக்கடி ஒரே பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. சரோஜினியும் அந்தப் பக்கம் பார்த்தாள். டீப்பாய் காலைத் தாண்டி அந்த மஞ்சள் திட்டின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

வாசலில் எல்லாரும் நல்லபடியாகத்தான் கைகூப்பிப் போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பாஸ்டரம்மா வந்து, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மழைக்காலம் முடிவதற்குள் வில்பிரட்டுக்கும் பெரம்பூரில் ஒரு பெண்ணுக்கும் நிச்சயம் ஆகிவிட்டது.

ஹெப்சி அழுததை யாரும் பார்க்கவில்லை. பாட்டுக் குழுவுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சரோஜினிக்கோ ஆற்றாமை தீரவில்லை. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் வாயில் வந்துவிடும். "வீடு வெச்சிருக்கிற லட்சணத்தைப் பாத்தா எவ பொண்ணு எடுப்பா?" வேதசிரோமணி பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஒருநாள் ஹெப்சிதான், "அப்பாவை இனிமே ஒண்ணும் சொல்லாதீங்கம்மா" என்றாள். அதற்கும் சரோஜினிக்குக் கோபம்தான் வந்தது.

புது வருஷம் பிறந்த பிறகு தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எதிரே ரத்தினபாய் வந்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை. ஒதுங்கிப் போகலாம் என்றால் கூட்டம் விடவில்லை. முகத்துக்கு நேரே நின்றாகிவிட்டது.

"தோத்திரம் அக்கா" என்றாள் சரோஜினி. பிறகு அடக்க முடியாமல், "ஒரு கார்ப்பெட்டைப் பாத்து எங்க வீட்டை எடை போட்டுட்டீங்களே!" என்றாள்.

ரத்தினபாய் விழித்தாள். "எந்தக் கார்ப்பெட் டீச்சர்?"

"கூடத்துலே போட்டிருந்தது. கறை..."

"நான் எதையும் பாக்கலையே." ரத்தினபாய் பைகளைப் படியோரம் இறக்கி வைத்தாள். "நான் பாத்தது உங்க வீட்டுக்காரரோட கையை. மடியிலே வெச்சிருந்தாரு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுற மாதிரி உருண்டுக்கிட்டே இருந்துது. எங்க மாமனாருக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"என்னது ஆரம்பிச்சுது?"

"நடுக்குவாதம். பார்க்கின்சன்னு டாக்டருங்க சொல்வாங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் நான்தான் பாத்தேன். சோறு ஊட்டி, குளிப்பாட்டி. எல்லாம் நான்தான்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அந்தக் கையைப் பாத்ததும் என் மகன் வீட்டுக்கும் அது வரணுமான்னு பயந்துட்டேன். தப்புதான். வேணாம்னு சொன்னது அவன் இல்லே, நான்தான். ஆனா டாக்டர்கிட்டே போயிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். போகலையா?"

சரோஜினிக்குக் கீழே ரயில் வந்து நின்றதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த மனிதரின் கை. அதை ஒரு மாலைப்பொழுது வந்துபோனவள் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வேதசிரோமணி கண்ணாடி முன்னால் நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்த சத்தம் கேட்கவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். கழுத்துப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி நுழைத்தார். மறுபடி வழுக்கியது. நெற்றி வேர்த்திருந்தது. தாடையோரம் சவரத்தில் விட்டுப்போன முடி வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே பொத்தான் இல்லாத ஜிப்பாவாகவே அவர் வாங்கியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பையைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவர் கையை விலக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ஒவ்வொன்றாக, கடைசிப் பொத்தான்வரை.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும். மொதல்லே சும்மா அசதின்னு நெனச்சேன்."

"என்கிட்டே ஏன் சொல்லலே?"

"ஹெப்சி கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்." வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு எழுத வருதான்னு பாக்கத்தான் உக்காந்தேன் சரோ. ரெண்டு பேர் எழுதிட்டேன். மூணாவது பேர்லே எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப் போச்சு. மை தீர்ந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். புட்டியைத் தொறந்தேன்."

சரோஜினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எலும்பு இருக்கான்னு கேட்டேனே" என்றாள்.

"விடு. நல்ல கார்ப்பெட்டுதானே. கோபம் வரத்தான் செய்யும்" என்றார் அவர்.

நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தார். மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்தது. எண்பத்தொன்பதில் அவர் தானாகவே வேலையை விட்டார். சபைக்குப் பரிசுச் சான்றிதழ்கள் டைப் அடித்து வர ஆரம்பித்தன. யாரும் அதைப் பற்றி அவர் காதுபடப் பேசவில்லை.

யாரும் கூப்பிடாமலே ஒருநாள் ரத்தினபாய் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றாள். சரோஜினி ஒரு நொடி தயங்கித்தான் கதவைத் திறந்தாள். ரத்தினபாய் உட்காரக்கூட இல்லை. வேதசிரோமணி காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கார்ப்பெட்டை மொதல்லே எடுங்க டீச்சர்" என்றாள். "காலைத் தூக்க மாட்டாரு. ஓரம் தட்டி விழுந்தா இடுப்பு போயிடும். எங்க மாமனார் அப்படித்தான் படுக்கையிலே விழுந்தாரு."

கறை பட்ட நாளிலிருந்து, இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று அதைக் கூடத்திலேயே விட்டிருந்தார்கள். அன்றைக்கே இரண்டு பெண்களும் சேர்ந்து சுருட்டி, ஞாயிறு பள்ளிக்குக் கொடுத்தனுப்பினார்கள். குழந்தைகள் உட்கார்ந்து எழ, ஒரு வருஷத்தில் திட்டு எது, பூ எது என்று தெரியாமல் போயிற்று. சரோஜினிக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அதற்காக எத்தனை மாதம் பேசாத பேச்செல்லாம் பேசினோம் என்பதுதான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

"என் மேலே கோபம் போயிடுச்சா டீச்சர்?" என்று ஒருமுறை ரத்தினபாய் கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு" என்றாள் சரோஜினி. ரத்தினபாய் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுத்தால் புரையேறாது, படுத்த உடம்பை எப்படிப் புரட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள்.

தொண்ணூற்றிரண்டில் ஹெப்சிக்குத் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவர், முதல் மனைவியை இழந்தவர். ஹெப்சி யோசிக்காமல் சம்மதித்தாள். யோசிக்காமல் சம்மதித்ததுதான் சரோஜினிக்கு வலித்தது. கல்யாணத்தன்று கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேதசிரோமணியைக் கூப்பிட்டார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு தாள்மேல் குனிந்தார். பாட்டுக் குழு ஒரு பாட்டை முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொன்றை ஆரம்பித்தது. அவர் பெயர் பாதிதான் வந்தது. பாஸ்டர் தோளைத் தட்டி, "போதும் ஐயா" என்றார்.

பென்ஷன் வாங்கும் பாங்கில் அது போதவில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சங்கடத்தோடு சொன்னாள். கைரேகை வைத்துவிட்டால் இனிமேல் தொந்தரவே இருக்காது என்று மைப்பட்டையை நகர்த்தினாள். வேதசிரோமணி அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயில் முகம் இறுகிப்போயிருந்ததால் சிரிப்பதும் தெரியாது, அழுவதும் தெரியாது. சரோஜினி அவர் பெருவிரலைத் தன் கையில் பிடித்து, பட்டையில் வைத்து, தாளில் உருட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பும் பஞ்சும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த விரலைத் துடைத்தாள். ரேகைகளுக்குள் மை புகுந்துகொண்டு வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள்.

"தேய்க்காதே" என்றார் அவர். அப்போதெல்லாம் அவர் குரல் வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். "ஒத்தி எடு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பிறகு அவர் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் மற்றக் கை நடுங்கி நடுங்கி வந்து அவள் தலைமேல் இருந்தது.

தொண்ணூற்றாறில், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், நெஞ்சில் சளி கட்டி வேதசிரோமணி இறந்துபோனார். சிட்லபாக்கத்திலிருந்து ஜெபராஜும் ரத்தினபாயும், வில்பிரட்டும் வந்தார்கள். வில்பிரட் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். திருச்சியிலிருந்து வந்த ஹெப்சி அவனைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சரோஜினி ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த நாட்களில் ரத்தினபாய் ஒருநாள் வந்து கூப்பிட்டாள். அவள் தெருவில் பக்தவச்சலம் என்று ஒருவர், நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு ஏரிப்பக்கம் வீடு கட்டியிருந்தார். அவர் கை ஆடுகிறதாம். இரண்டு பேரும் போனார்கள். அவர் மனைவி கங்கையம்மாள் காபி கொடுத்து உபசரித்தாள். விஷயத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. காபி ஜாஸ்தி குடிக்கிறாரு, அதான். நேத்துகூட டம்ளரை ஒடைச்சாரு. நல்லா குடுத்தேன். ஜாக்கிரதையா இருங்கன்னா கேட்டாத்தானே."

பக்தவச்சலம் மூலையில் இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரோஜினி சொல்ல வந்ததைச் சொல்லாமல் காபியைக் குடித்து முடித்தாள்.

"நான் சேலையூர்லதான் இருக்கேன்" என்றாள் எழுந்து. "கேம்ப் ரோட்டிலே டீச்சர் வீடுன்னு கேட்டா சொல்வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. சும்மாவாவது வாங்க."

கங்கையம்மாள் வாசல்வரை வந்து, வழக்கப்படி குங்குமம் கொடுக்கக் கையை நீட்டி, பிறகு சரோஜினி கணவரை இழந்தவள் என்பது நினைவு வந்து கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சரோஜினி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள்.